ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள்

ஏவிஸ் டட்ஜ் முழங்காலுக்கு அடியில் ஒரு பழைய சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு கணப்பிலிருந்து நேற்றைய சாம்பலை வாரிக்கொண்டிருந்தாள். மிஸ்டர் ஃபேரன்ட் வீட்டில் புதன்கிழமை கணப்பு, வெள்ளிக்கிழமை குளியலறை. சாம்பலை வாளியில் கொட்டி, கம்பிகளைத் துடைத்து, இரும்புக்குக் கறுப்பு மெழுகு பூசிப் பளபளக்கும்வரை தேய்க்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். பளபளத்த பிறகு அதில் யாரும் எதையும் சமைக்கப்போவதில்லை. மிஸ்டர் ஃபேரன்ட் சாயங்காலம் இரண்டு கட்டைகளைப் போட்டு எரியவிட்டு, எதிரே காலை நீட்டிக்கொண்டு, "இதுதான் வாழ்க்கை" என்பார். வீட்டுக்குச் சூடு குழாய் வழியாக வருகிறது. கணப்பு, வருகிறவர்கள் பார்ப்பதற்கு.

இரும்பின் இடது மூலையில் ஒரு விரிசல் உண்டு. ஏவிஸுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவளுடைய அம்மா இறைச்சிப் பானையைக் கை நழுவவிட்டதில் விழுந்தது. ஏவிஸ் பிறந்ததே இந்த அறைக்கு நேர் மேலே. அப்போது இது இரண்டு வீடுகள். ஒன்றில் பிராசர் பண்ணையின் மாட்டுக்காரன், மற்றதில் வண்டிக்காரன். இப்போது நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கி, 'மந்தை ஓட்டிகள் இளைப்பாறும் இல்லம்' என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிறது. மந்தை ஓட்டி எவனும் இங்கே இளைப்பாறியதில்லை. உட்கார்ந்திருந்தால் பண்ணைக்காரர் கிழவர் பிராசர் நாயை அவிழ்த்து விட்டிருப்பார்.

நான்கு வருடமாக இங்கே வேலை. நீங்கள் எந்த வீட்டில் பிறந்தீர்கள் என்று மிஸ்டர் ஃபேரன்ட் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர்தான் ஊருக்கு வரலாறு எழுதுகிறவர்.

ஹார்க்கில் எண்டை ஊர் என்று சொல்வதே மரியாதைக்காக. பதினோரு வீடுகள், ஒரு தபால் பெட்டி, எந்தக் கோடையிலும் காயாத ஒரு சகதி. சர்ச் கிடையாது, அதற்கு மூன்று மைல் நடக்க வேண்டும். ஒரு சின்ன ஜெபக்கூடம் இருந்தது. அதற்கும் கண்ணாடிக் கூரை போட்டு, லண்டன்காரர்கள் வருடத்தில் பத்து நாள் வந்து தங்குகிறார்கள். பஸ் வந்தது, பிறகு நின்றுபோனது. மின்சாரம் எல்லா ஊருக்கும் வந்து முடிந்தபின் மிச்சத்துக்கு வந்தது. இந்த ஊரில் நடந்தது எல்லாவற்றையும் தபால் அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி, மேலே சௌக்கியமா என்று கேட்கவும் இடமிருக்கும் என்பது ஏவிஸின் கணக்கு.

மிஸ்டர் ஃபேரன்ட் அதை இருநூற்றுப் பதினான்கு பக்கம் எழுதியிருந்தார்.

அவர் பர்மிங்காம் பக்கம் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். நெருப்புப் பிடித்த வீடுகளைப் போய்ப் பார்த்து, நெருப்பு தானாகப் பிடித்ததா, வைத்ததா என்று எழுதிக் கொடுப்பது முப்பது வருட வேலை. அப்படிப்பட்டவர் எதையும் சுலபத்தில் நம்பமாட்டார் என்று நினைப்போம். ஹார்க்கில் எண்டுக்கு வந்ததும் அந்தப் புத்தியை ரயிலிலேயே விட்டுவிட்டார் போல. அவருடைய மனைவி இரண்டு பனிக்காலம் தாக்குப்பிடித்தார். பிறகு தங்கை வீட்டுக்குப் போனவர், வருகிறேன் வருகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது ஊருக்கு ஊர் புத்தகம் போடுகிறார்கள், ஹார்க்கில் எண்ட் மட்டும் சும்மா இருக்கலாமா என்று இவர் ஆரம்பித்தார். ஊர்ப் பெயர் ஹெர்க்கா என்ற பழைய குலத் தலைவன் வழி வந்தது என்று முதல் அத்தியாயம். ஹெர்க்கா ஒரு வாரமாவது இந்தச் சகதியில் நின்றிருந்தால் பெயரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருப்பான்.

அச்சுச் செலவு பிராசர் பண்ணையுடையது. பண்ணை இப்போது கிழவர் பிராசரின் ஒரே மகள் தெல்மா கையில் இருக்கிறது. பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: முன்பக்கத்தில் ஊர் வரைபடம் போட வேண்டும், பண்ணை நிலம் ஒவ்வொன்றின் மேலும் 'பிராசர்' என்று எழுத வேண்டும். எழுதியாயிற்று. அந்த வரைபடத்தில் பார்த்தால் பிராசருக்குள்ளே ஊர் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

ஏவிஸுக்கு வயது அறுபத்து மூன்று. பதினைந்து வயதில் பழம் டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைக்குப் போனாள். பத்தொன்பதில் ரெக் டட்ஜைக் கட்டிக்கொண்டாள். பால் லாரி ஓட்டுகிறவன், பேச்சில் பாதி கிண்டல். கல்யாணமான மறுநாளே அவளைக் கிழவி என்று கூப்பிட ஆரம்பித்தான். பக்கத்துச் சந்தை ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். அவள் செய்த கஸ்டர்டைச் சாப்பிட்ட பையன்களில் ஒருவன் இப்போது நீதிபதி. கஸ்டர்ட் கட்டி தட்டியிருந்ததாக இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். ஒரே மகன் டெல்ஃபர்ட் நகரத்தில். கிறிஸ்துமஸுக்கு வந்து, செல்போன் சிக்னல் எங்கே கிடைக்கும் என்று தோட்டத்தில் நடந்துவிட்டுப் போவான். ரெக் செத்து ஆறு வருடம் ஆகிறது. அவள் இருப்பது ஊர்ச் சந்தின் மேல் முனையில் உள்ள கவுன்சில் வாடகை வீட்டில்.

நல்லவள் என்று அவளை யாரும் சொல்ல மாட்டார்கள். ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமை யார் துணி உலர்த்தினார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஊர்க் கூட்டத்தில் எது வந்தாலும் எதிர்த்துக் கை தூக்குவாள். ஆனால் வியாழக்கிழமை தவறாமல் பிராசர் பண்ணைக்கு முட்டை வாங்கப் போவாள். நாற்பது வருடமாகப் பின்வாசல் படியில் நின்றே வாங்குகிறாள். உள்ளே வா என்று தெல்மா சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் ஏவிஸ் போயிருக்க மாட்டாள்.

ஓய்வு பெற்றதும் சந்தை ஊர்த் தபால் ஆபீசில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது: வீட்டு வேலைக்கு ஆள் தேவை. விலாசத்தைப் பார்த்ததும் போய்க் கேட்டாள். வேலை தேவை என்று போகவில்லை. உள்ளே என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போனாள்.

இரண்டு வருடத்துக்கு முன் மிஸ்டர் ஃபேரன்ட் அவளையும் உட்காரவைத்து டேப் ரெக்கார்டரைத் தட்டினார். சந்துக்குக் கீழே, பிராசர் நிலத்தில், 'ஆஸ்பத்திரி' என்று ஒரு மேய்ச்சல் நிலம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் கேள்வி.

"அந்தப் பேர் எப்படி வந்துச்சு மிசஸ் டட்ஜ்? பெரியவங்க ஏதாச்சும் சொல்லியிருக்காங்களா?"

ஏவிஸ் அவரைப் பார்த்தாள். காலில் அழுகல் வந்த ஆடுகளை மந்தையிலிருந்து பிரித்து அங்கே விடுவார்கள். அதனால் கிண்டலாக ஆஸ்பத்திரி. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். இதைக்கூட ஊகிக்கத் தெரியாதவர் ஒரு மனிதரா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம் அவளுக்குள் ரெக் கண்ணடித்தான்.

"சீக்கு வந்தா அங்கதான் கொண்டு விடுவாங்க" என்றாள்.

"எங்கேருந்து வருவாங்க?"

"பாவம், அதுங்க மலை மேலருந்தெல்லாம் நொண்டிக்கிட்டு வரும்."

"அருமை. அங்க என்ன பண்ணுவாங்க?"

"காலைக் கழுவி விடுவாங்க. ஒரு தொட்டி இருக்கும். தண்ணி நீலமா இருக்கும். அதுல கொஞ்ச நேரம் நிக்க வெச்சா ஒரு வாரத்துல நடக்கும்."

"நீலத் தண்ணி" என்று சொல்லிவிட்டு மிஸ்டர் ஃபேரன்ட் கண்ணை மூடிக்கொண்டார். மயில்துத்தம் கரைத்த தண்ணீர் வேறு என்ன நிறத்தில் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

"கழுவுறது யாரு?"

"ஒரு ஆளு வருவான். முக்காடு போட்டுக்கிட்டு. வாயே திறக்க மாட்டான்."

அது பண்ணை ஆட்டுக்காரன் ஆமோஸ் கிழவன். மழைக்குத் தலையில் சாக்கு. வாய் திறந்தால் புகைக்குழாய் கீழே விழும், பிடித்துக்கொள்ளப் பல் கிடையாது.

"குணமாகாதவங்க?"

"அதுங்களா? அக்டோபருக்குள்ள அதுங்க கதை முடிஞ்சிரும்."

குளிருக்கு முன் கசாப்புக்காரன் வந்துவிடுவான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய், பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தாள். ரெக் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது சாம்பல் வாளியைக் கதவோரம் வைத்துவிட்டு மேசையைத் துடைக்கப் போனாள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டிய தாள்கள் அங்கே அடுக்கியிருந்தன. மூன்றாம் அத்தியாயம்: 'பாதம் கழுவிய துறவிகள்'. நீலச் சுனை, முக்காடிட்ட மௌனத் துறவி, மலையிலிருந்து நொண்டி வந்த யாத்ரீகர்கள், அக்டோபர் மாதச் சாவுகள், எல்லாம் வரிசையாக இருந்தன. அடிக்குறிப்பில், 'இவ்வூரில் பிறந்த மிசஸ் ஏ. டட்ஜ் வழிவழியாகக் கேட்டறிந்தது.' ஆஸ்பத்திரியின் வாசலில் நடுவதற்குக் கல்லும் செதுக்கி வந்துவிட்டது. 'இங்கு துறவியர் நோயுற்றோர் பாதங்களைக் கழுவினர்.' கல் கொல்லையில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. வாளியோடு போகும்போதெல்லாம் அதைப் பார்த்து அவளுக்கு ஒரு திருப்தி.

அவள் இன்னும் கொஞ்சம் சிரிக்கலாம் என்று பக்கத்தைப் புரட்டினாள். நூற்று எண்பத்தொன்றாம் பக்கத்தில் துணி நின்றது.

'1947-இன் கொடும் பனிக்காலத்தில் ஹார்க்கில் எண்ட் ஒரே குடும்பமாக நின்றது. பிராசர் பண்ணையின் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. ஆறு வாரம் பாதை அடைபட்டும் ஓர் உயிர்கூடப் போகவில்லை.'

அவள் அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. முதல் முறையே போதுமாக இருந்தது.

அவளுடைய அப்பா ஜோப் பெடோஸ், பிராசரின் மாட்டுக்காரர். நாற்பத்தாறு நவம்பரில் காளை அவரைச் சுவரோடு வைத்து இடுப்பை நசுக்கியது. இனி வேலைக்கு ஆக மாட்டார் என்று தெரிந்ததும், கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று பிராசர் பொறுத்தார். அதைத் தன் தாராளம் என்று பிற்பாடு பலரிடம் சொன்னார். வீடு வேலையோடு சேர்ந்தது, புது மாட்டுக்காரனுக்கு அது வேண்டும். ஜனவரி இரண்டாம் வாரம் இவர்கள் தட்டுமுட்டுச் சாமானோடு ஆஸ்பத்திரியில் இருந்த ஆட்டுக் கொட்டகைக்குப் போனார்கள். தகரக் கூரை, மூன்று பக்கம் பலகை, நாலாம் பக்கம் சாக்கு. பத்து நாளில் பனி இறங்கியது. அப்பா, அம்மா, பத்து வயது ஏவிஸ், நான்கு மாதக் குழந்தை லெட்டி. பிப்ரவரியில் ஒரு காலை லெட்டி எழுந்திருக்கவில்லை. சர்ச்சுக்குப் பாதை திறக்கும்வரை பத்தொன்பது நாள் ஒரு ஆப்பிள் பெட்டியில் உத்திரத்தின் மேல் இருந்தாள். கீழே எலி. ஊரார் கிணற்றடியில் பேசிக்கொண்டது அந்த வயதிலேயே ஏவிஸின் காதில் விழுந்தது: பாவம், அதுங்களும் ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சுங்க.

மிஸ்டர் ஃபேரன்ட் காப்பிக் கோப்பையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்தப் பக்கம் தப்பு" என்றாள் ஏவிஸ்.

"அடடா. எந்த எழுத்து?"

"எழுத்தில்ல. ஒரு உயிர்கூடப் போகலைன்னு போட்டிருக்கீங்க. ஒண்ணு போச்சு. என் தங்கச்சி."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அதைச் செய்யும் அளவுக்கு நல்லவர்தான். அவள் நின்றபடி சொன்னாள், ஐந்தாறு வாக்கியத்தில். ஆப்பிள் பெட்டியை விட்டுவிட்டாள்.

"ஐயோ பாவம்" என்றார். பிறகு கண் கொஞ்சம் விரிந்தது. "ஆஸ்பத்திரியிலயா இருந்தீங்க? அப்ப துறவிங்க கட்டினது ஏதாச்சும் மிச்சம் இருந்துச்சா? சுவர், கல் தொட்டி?"

"பிராசர் கட்டின கொட்டாய் மிஸ்டர் ஃபேரன்ட். ஆட்டுக்கு."

"ஆட்டுக்கா?"

"காலழுகின ஆட்டுக்கு. துறவியும் இல்ல, சுனையும் இல்ல. அந்த முக்காட்டு ஆளு ஆமோஸ். தலையில சாக்கு."

அவர் எழுந்து அலமாரியைத் திறந்து, பெயரெழுதி வைத்திருந்த டேப்பை எடுத்துப் போட்டார். அறையில் ஏவிஸின் குரல் கேட்டது, அவளே எதிர்பார்க்காத அளவு இனிமையாக. 'பாவம், அதுங்க மலை மேலருந்தெல்லாம் நொண்டிக்கிட்டு வரும்.'

"இதுல ஆடு எங்க இருக்கு?" என்று கேட்டார் மிஸ்டர் ஃபேரன்ட்.

"இதுல மனுஷன் எங்க இருக்கான்?"

"நான் மனுஷங்கன்னு நம்பித்தானே எழுதினேன்? கல்லே செதுக்கியாச்சு. தப்பா எடுத்துக்காதீங்க மிசஸ் டட்ஜ், அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. வரலாறுன்னா ஆதாரம் வேணும்."

"தங்கச்சி பேரு சர்ச் ஏட்டுல இருக்கு. லெட்டி பெடோஸ். போய்ப் பாருங்க."

"பேரு இருக்கும். எங்க, ஏன்னு இருக்காதே." அவர் பென்சிலை எடுத்தார். நெருப்பு வைத்ததா, தானாகப் பிடித்ததா என்று எழுதும்போது இந்த முகம்தான் வைத்துக்கொண்டிருப்பார். "இப்படிப் போடலாமா? 'அவ்வருடப் பனிக்கு ஒரு குழந்தை பலியானது.'"

"பனிக்கா?"

"பின்ன?"

"பனி எல்லார் வீட்டு மேலயும்தான் விழுந்துச்சு. மத்த வீட்டுல கூரைக்குக் கீழ சுவர் இருந்துச்சு. அவ ஆஸ்பத்திரியில ஆட்டுக் கொட்டாயில செத்தாள்னு போடுங்க. இல்லன்னா ஒண்ணும் போடாதீங்க."

"அதுக்கு யாராவது இன்னொருத்தர் சொல்லணும்" என்றார் மிஸ்டர் ஃபேரன்ட், வருத்தத்தோடு.

வாசலில் மணி அடித்தது. பதினொரு மணிக்குத் தெல்மா பிராசர் வருவதாக இருந்தது, படங்களுக்குக் கீழே என்ன எழுதுவது என்று பார்க்க. அவளுக்குக் கணவன் வழியில் வேறு பெயர் உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை, அவளும் வற்புறுத்துவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஏவிஸும் அவளும் ஒரே பெஞ்சு. பண்ணைச் செருப்பைக் கழற்றிவிட்டு, காலுறையோடு உள்ளே வந்து, கையுறைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏவிஸைப் பார்த்துத் தலையசைத்தாள். ஏவிஸ் மறுபடி சாக்கின் மேல் மண்டியிட்டு மெழுகு டப்பாவைத் திறந்தாள். போ என்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் கணப்பு இன்னும் பாதி பாக்கி.

மிஸ்டர் ஃபேரன்ட் இருமினார். வானிலையைப் பற்றிச் சொன்னார். விதைக் கேக் ஒரு துண்டு நீட்டினார். அப்புறம், தற்செயலாக ஞாபகம் வந்ததுபோல, "அந்த ஆஸ்பத்திரி இருக்கே மிசஸ் பிராசர், நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப அங்க என்ன இருந்துச்சு?" என்றார்.

தெல்மா கேக்கை வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். கணப்புப் பக்கம் பார்க்கவில்லை.

"ஆடு" என்றாள்.

"ஆடு மட்டுமா?"

"ஆஸ்பத்திரியில ஆட்டைத் தவிர வேற எதுவும் இருந்ததே இல்ல. கால் சீக்கு வந்த ஆட்டை விடற இடம். அதான் அந்தப் பேரு."

மிஸ்டர் ஃபேரன்ட்டின் துறவிகள் அந்த இடத்திலேயே செத்தார்கள். முகம் சாம்பலாகிவிட்டது மனிதருக்கு. மூன்றாம் அத்தியாயம் முப்பத்தொரு பக்கம்.

"இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் மெல்ல.

"உங்க புஸ்தகம், நீங்க எழுதறீங்க. சாமியாருங்க இருந்தா நிலத்துக்கு மதிப்புத்தானேன்னு விட்டுட்டேன்."

ஏவிஸ் திரும்பாமல் கம்பியைத் தேய்த்தாள். "நாப்பத்தேழுல யாரு இருந்தாங்கன்னு கேளுங்க" என்றாள்.

"நாப்பத்தேழுல" என்று மிஸ்டர் ஃபேரன்ட் ஆரம்பித்தார்.

"எதைக் கேக்க வர்றீங்கன்னு தெரியுது" என்றாள் தெல்மா. கழுத்து சிவந்துவிட்டது. "அம்பது வருஷத்துக்கப்புறம் எங்கப்பாவைப் பத்தி எதுவும் சொல்லிக்கலாம், அவரு எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டாரு. எங்கப்பா யாரையும் பட்டினி போட்டதில்ல. அந்தப் பனியிலயும் எங்கம்மா அதுங்களுக்கு ஒரு கேன் பால் குடுத்தனுப்பினாங்க, தினமும். நான்தான் தூக்கிக்கிட்டுப் போனேன்."

மிஸ்டர் ஃபேரன்ட் அவளைப் பார்த்தார்.

"ஆட்டுக்கா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, அவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. ஆட்டுக்கு யாராவது பால் அனுப்புவார்களா என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

ஏவிஸின் கையில் துணி இரும்பின் மேல் போய் வந்துகொண்டிருந்தது.

"ரெண்டு தடவை" என்றாள் ஏவிஸ். "தினமும் இல்ல. ரெண்டு தடவை. ரெண்டாம் தடவை வந்தப்ப நீ பாதியைக் கொட்டிட்டே."

"வழுக்குச்சு" என்றாள் தெல்மா. சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது.

மிஸ்டர் ஃபேரன்ட் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டார். தொழில் பழக்கம் விடாது. "அப்ப பெடோஸ் குடும்பம் ஆஸ்பத்திரியில இருந்தது உண்மை. அதுக்கு முன்னாடி எந்த வீட்டுல இருந்தாங்க?"

தெல்மா ஜன்னலைப் பார்த்தாள்.

"நீங்க உக்காந்திருக்கிற வீட்டுல" என்றாள் ஏவிஸ்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எழுந்ததும் எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார், இந்த முறை நாற்காலியின் விளிம்பில், அனுமதி கேட்டு உட்காருகிறவர்போல.

"நீங்க சொல்லவே இல்லையே மிசஸ் டட்ஜ். நாலு வருஷமா."

"நாலு வருஷமா நீங்களும் கேக்கலை."

தெல்மா கேக்குத் துண்டைத் தட்டில் அப்படியே வைத்தாள். "எழுதறதை எழுதிக்குங்க" என்றாள் மிஸ்டர் ஃபேரன்ட்டிடம். "எங்கப்பா பேரு மட்டும் அதுல வரக் கூடாது. வந்தா அச்சுச் செலவை நீங்களே பாத்துக்க வேண்டியதுதான்."

மிஸ்டர் ஃபேரன்ட் ஏவிஸைப் பார்த்தார், தெல்மாவைப் பார்த்தார். அவருடைய முப்பது வருட வேலையில் இதுபோல எத்தனையோ நடந்திருக்கும். வீடு எரிந்தது உண்மை, எரித்தவர் பெயர் மட்டும் வேண்டாம்.

"'ஆஸ்பத்திரி என்னும் நிலத்தின் ஆட்டுக் கொட்டகையில்'னு போட்டாப் போதுமா?" என்று ஏவிஸிடம் கேட்டார். "யாரோடதுன்னு சொல்லாம?"

முதல் பக்கத்து வரைபடம் ஏவிஸின் கண் முன்னால் வந்தது. ஆஸ்பத்திரி, அதன் மேல் கொட்டை எழுத்தில் பிராசர். தெல்மாவே கேட்டு வாங்கிப் போட்டது.

"போதும்" என்றாள்.

அவர் பழைய வரிகளை அடித்தார். கதவு திறந்திருந்த வரியை அடிக்கும்போது பென்சில் ஒரு கணம் தயங்கியது, பிறகு அடித்தது. புது வரியை எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "லெட்டி பெடோஸ், நான்கு மாதம். ஆஸ்பத்திரி என்னும் நிலத்தின் ஆட்டுக் கொட்டகையில். பிப்ரவரி, 1947. தேதி?"

"பதினொண்ணு."

எழுதினார். பிறகு அவருக்குத் தன்னுடைய துயரம் நினைவுக்கு வந்தது. "அந்தக் கல்லை என்ன பண்றது?" என்று பொதுவாகக் கேட்டார்.

"கவுத்துப் போடுங்க" என்றாள் ஏவிஸ். "சகதியில ஆடு நிக்கச் சௌகரியமா இருக்கும்."

தெல்மா எழுந்தாள். படங்களை அவள் பார்க்கவேயில்லை. ஒரு கையுறையைப் போட்டு, மற்றதைப் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, கதவருகே சாம்பல் வாளியைச் சுற்றி நடந்து போய் நின்றாள். ஏவிஸின் முதுகு இந்தப் பக்கம் இருந்தது. இடது மூலையில், விரிசலுக்குள், துணியின் நுனியைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு அவள் மெழுகை உள்ளே அழுத்திக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வியாழக்கிழமை" என்றாள் தெல்மா.

துணி விரிசலோடு மேலே போய்க் கீழே வந்தது.

"முட்டைக்கு வருவே இல்ல ஏவிஸ்? பழுப்பா, பெருசாப் பாத்து எடுத்து வெக்கறேன். வேணும்னா உள்ளயே வந்து..."

ஏவிஸ் டப்பாவில் இன்னும் கொஞ்சம் மெழுகைத் தொட்டுக்கொண்டாள். மிஸ்டர் ஃபேரன்ட் தாளின் மேல் குனிந்துகொண்டு, எழுதி முடித்த வரியையே மறுபடி எழுதுவதுபோல் பாவனை செய்தார். தெல்மா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இரண்டாவது கையுறையையும் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனாள்.